காவலின் விலை: மும்பையின் மேசைக் கணினிகளும் ஆன்டிவைரஸ் சந்தாவும்

(நீண்ட பதிவு. கணினி வரலாறு, நகர வரலாறு ஆகியவற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

சென்ற மாதம் செம்பூரில் நண்பர் இல்லத்தில் முதுகலை மாணவி ஒருவரைச் சந்தித்தேன். தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய குடியிருப்பொன்றில் பெற்றோருடன் வசிப்பவர். ஆய்வேடு எழுதுவதற்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தார். விற்ற கடைக்காரர், ஆன்டிவைரஸ் இல்லாமல் எடுத்துச் சென்றால் தாம் பொறுப்பில்லை என்று எச்சரித்து, ஓராண்டுச் சந்தாவுக்கு 900 ரூபாய் கேட்டிருக்கிறார். "சார், அது உண்மையிலேயே வேணுமா, இல்ல பயமுறுத்திக் காசு வாங்குறாங்களா?" என்று மாணவி கேட்டார். அவர் தந்தைக்கு அது இரண்டு நாள் கூலி.

ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற எனக்கு இயலவில்லை. இதே கேள்வியை 1992இல் கேட்டிருந்தால் ஒரு விடை. 2010இல் கேட்டிருந்தால் வேறொரு விடை. இன்று மூன்றாவது விடை. காரணம், இது பொருளின் தரம் பற்றிய கேள்வி மட்டுமன்று. கணினி எந்த வழியாக வந்தது, அதன் இயங்குதளம் உரிமம் பெற்றதா, யார் யாரோடு எதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பவற்றைப் பொறுத்து விடை மாறிவந்திருக்கிறது. அந்த மாற்றத்தை மும்பையை முன்வைத்து இங்கே தொகுக்க முயல்கிறேன்.

*லாகூரிலிருந்து வந்த நெகிழ்வட்டு*

ஐ.பி.எம். வகைத் தனிநபர் கணினியைத் தாக்கிய முதல் வைரஸ் நம் அண்டை நாட்டில் பிறந்தது. 1986 ஜனவரியில் லாகூரில் கணினிக் கடை நடத்திவந்த பாசித் ஃபரூக் அல்வி, அம்ஜத் ஃபரூக் அல்வி என்னும் சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற நிரலை எழுதினர். தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைக் கண்டறிவதே நோக்கம் என்று அவர்கள் பின்னர் விளக்கினர். 360 கிலோபைட் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் அது குடியேறியது. நிரலுக்குள்ளேயே அவர்களின் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண்கள் இருந்தன. 'தடுப்பூசி' வேண்டுவோர் தம்மை அணுகலாம் என்ற அறிவிப்பும் இருந்தது. நோயும் மருந்தும் ஒரே முகவரியில் கிடைத்த அந்த வினோதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ் வணிகத்தைப் பற்றிய ஐயம் அதன் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது.

இந்தியாவில் 1990 ஜூனில் 'ஜோஷி' என்னும் வைரஸ் கண்டறியப்பட்டது. ஜனவரி 5ஆம் நாள் கணினியை இயக்கினால் திரை உறைந்துவிடும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்த பின்னரே அது விடும். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் அதன் நுட்பம் எளிதானதன்று. கணினியை விசைப்பலகை வழியாக மறுபடி தொடங்கினாலும் நினைவகத்தில் அது தங்கியிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, தூய்மையான நெகிழ்வட்டிலிருந்து தொடங்கினால்தான் அதை நீக்க முடியும்.

இத்தகைய வைரஸ்கள் பரவ மும்பை பொருத்தமான களமாக இருந்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களில் அமர்ந்த தென்னிந்தியர் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றியிருந்தனர். 1966இல் தோன்றிய சிவசேனையின் முதற்கட்டப் பரப்புரை இந்த எழுத்தர்களைத்தான் குறிவைத்தது. அவர்களின் அடுத்த தலைமுறை தட்டச்சுப் பயிலகத்திற்குப் பதிலாகக் கணினிப் பயிற்சி நிலையத்தை நாடியது. அங்கே ஒரு கணினியில் நாளொன்றுக்குப் பலர் அமர்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நெகிழ்வட்டு. பயிற்சி நிலையத்திலிருந்து கல்லூரிக்கு, கல்லூரியிலிருந்து அலுவலகத்துக்கு, அலுவலகத்திலிருந்து கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலைக் கடைக்கு என்று அந்த வட்டுகள் சுற்றின. இணையம் என்ற ஒன்று பொதுமக்களுக்குக் கிடைத்ததே வி.எஸ்.என்.எல். தன் சேவையைத் தொடங்கிய 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள்தான். அதற்கு முன்பே வைரஸ் இந்த நகரில் கைமாற்றாகப் பரவியிருந்தது.

*பழுதுபார்க்கும் கடையின் பொருளியல்*

இந்தியாவின் ஆன்டிவைரஸ் தொழில் பழுதுபார்க்கும் மேசையிலிருந்தும் எழுந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. புனேயில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கைலாஷ் காட்கர் கால்குலேட்டர்களைப் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பின் சொந்தக் கடை வைத்தார். பழுது என்று வரும் கணினிகள் பலவற்றில் உண்மையான பழுது வைரஸே என்பதைக் கண்டனர். கணினிக் கல்வி பயின்ற தம்பி சஞ்சய் காட்கர் அவற்றை நீக்கும் நிரல்களை எழுதினார். 1995இல் அது 'குயிக் ஹீல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2016 பிப்ரவரியில் நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் ஜெ. கேசவர்த்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். மும்பையைத் தளமாகக் கொண்ட மைக்ரோவேர்ல்ட் நிறுவனத்திலிருந்து ஈஸ்கேன் வந்தது.

அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்குவது பொருத்தமானதா? ஐயமின்றிப் பொருத்தமானது. டாஸ் இயங்குதளத்தில் பயன்பாடுகளைத் தனித்தனியே அடைத்துவைக்கும் பாதுகாப்பு எதுவும் இல்லை. எந்த நிரலும் எந்த இடத்திலும் எழுதலாம். வெளிநாட்டு மென்பொருள் உள்ளூர் வைரஸை அறிந்துகொள்ளக் காலம் பிடித்தது. உள்ளூர்க்காரர் வாடிக்கையாளரின் வட்டை வாங்கிப் பார்த்து, மருந்து எழுதி, புதிய நெகிழ்வட்டில் கொடுத்தார். அந்தத் தொகை உண்மையில் ஒரு மனிதரின் உழைப்புக்கான கூலி.

ஆனால் அச்சத்தை விற்பதும் அப்போதே தொடங்கிவிட்டது. மைக்கலாஞ்சலோ வைரஸ் 1992 மார்ச் 6ஆம் நாள் விழித்தெழும் என்று அறிந்த அமெரிக்க ஊடகங்கள் பரபரத்தன. ஐம்பது லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற மதிப்பீடு, ஆன்டிவைரஸ் வணிகத்தின் முன்னோடியான ஜான் மெக்காஃபியின் பெயரால் பரவியது. அந்த நாள் கடந்த பின், பாதிக்கப்பட்டவை சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை என்றே கணிக்கப்பட்டது. ஆயினும் மென்பொருள் பெருமளவில் விற்றுத் தீர்ந்திருந்தது.

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டுச் செய்தியையும் குறிப்பிட வேண்டும். 'கணினி வைரஸ்' என்ற கருத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்திய ஃபிரெட் கோஹன், எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்பதை 1980களிலேயே நிறுவினார். அலன் டூரிங்கின் நிறுத்தச் சிக்கலோடு உறவுடைய முடிவு அது. ஆகவே நூறு விழுக்காடு பாதுகாப்பு என்று பெட்டியின் மேல் எவர் அச்சிட்டாலும் அது கணிதத்துக்கு எதிரானது. விற்கப்படுவது ஒரு நிகழ்தகவு மட்டுமே. அந்த நிகழ்தகவின் கூடுதலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதே நம் கேள்வி.

ஆண்டுச் சந்தா என்பது தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று கருதுவோருக்கு ஒரு எதிர்ச்சான்று உண்டு. சென்னை கே7இன் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் விற்ற 'வைரஸ் செக்யூரிட்டி' தொகுப்பு, 2006இல் புதுப்பிப்புக் கட்டணமே இல்லாத 'ஜீரோ' வடிவத்தில் வெளியானது. ஒரு முறை வாங்கினால் போதும். அதாவது, ஆண்டுதோறும் செலுத்துவது ஒரு வணிக முடிவு. அது இயற்கை விதியன்று.

*சட்டம் வந்தது, புதுப்பிப்பு வரவில்லை*

2000 மே 4ஆம் நாள் 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. எழுதியவர் பிலிப்பைன்ஸில் அடையாளம் காணப்பட்டும் அங்கே பொருத்தமான சட்டம் இல்லாததால் வழக்கு நிலைக்கவில்லை. அடுத்த மாதமே, ஜூன் 9ஆம் நாள், இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 43ஆம் பிரிவு 'கணினி வைரஸ்' என்பதற்குச் சட்ட வரையறை அளித்து, அதைப் புகுத்துவோர் ஒரு கோடி ரூபாய் வரை இழப்பீடு தர வேண்டும் என்றது.

ஆனால் மும்பையின் மேசைக் கணினிகளுடைய உண்மையான நோய் வேறிடத்தில் இருந்தது. பகுதிகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்த கணினியில் உரிமமற்ற விண்டோஸைக் கடைக்காரரே ஏற்றித் தருவது பரவலான வழக்கம். 2017இல்கூட இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமமற்றது என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. மதிப்பிட்டது. வணிக நலன் கொண்ட அமைப்பின் மதிப்பீடு என்பதால் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும் எனினும், திசை தவறில்லை.

2008 அக்டோபரில் உரிமமற்ற எக்ஸ்.பி. கணினிகளின் திரையைக் கறுப்பாக்கும் ஒரு புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. விளைவு, 'அப்டேட் செய்யாதே' என்பதே கடைகளின் முதல் அறிவுரை ஆயிற்று. அதே மாதம் 23ஆம் நாள் வேறொரு புதுப்பிப்பும் வந்தது. அடுத்த மாதம் தோன்றிய 'கான்ஃபிக்கர்' புழுவை நுழையவிடாமல் தடுக்கக்கூடிய ஒட்டு அது. கறுப்புத் திரைக்கு அஞ்சிக் கதவைத் தாழிட்டவர்கள் மருந்தையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடும் அக்காலத்தில் தெளிவாக இல்லை. 2006இல் அது தன் ஒன்கேர் பாதுகாப்புத் தொகுப்பை ஆண்டுக்கு 49.95 டாலருக்கு விற்றது. தன் வீட்டின் ஓட்டையை அடைக்கத் தானே காசு கேட்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. 2009 செப்டம்பரில் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் இலவசமாக வந்தது. ஆனால் உரிமம் பெற்ற விண்டோஸுக்கு மட்டுமே. ஆக, இலவசப் பாதுகாப்பு ஏற்கெனவே பணம் செலுத்தியவருக்குக் கிடைத்தது. உரிமம் வாங்க இயலாதவர் ஆன்டிவைரஸுக்குச் சந்தா செலுத்தினார். அல்லது, அதையும் திருட்டுப் பிரதியாக ஏற்றிக்கொண்டார். ஐ.பி.எம். வகைத் தனிநபர் கணினியின் முதல் வைரஸ் திருட்டுப் பிரதிக்கு எதிராக எழுதப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

2010இல் நான் இதை நேரில் கற்றேன். கள ஆய்வில் திரட்டிய நேர்காணல் பெயர்ப்புகள் ஒரு பென்டிரைவில் இருந்தன. தாராவியில் ஓர் அச்சு வடிவமைப்புக் கடையில் அதைச் செருகி எடுத்தபின், கோப்புறைகள் அனைத்தும் குறுக்குவழிப் படங்களாக மாறியிருந்தன. அந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தது. சந்தா நான்கு மாதங்களுக்கு முன் முடிந்திருந்தது. திருமண அழைப்பிதழ்களும் தேர்தல் சுவரொட்டிகளும் இரவு பகலாக அச்சாகும் அந்த இடத்தில் புதுப்பிக்க ஒருவருக்கும் நேரமில்லை. கோப்புகள் மறைக்கப்பட்டிருந்தனவே தவிர அழியவில்லை என்பதால் பெரும்பகுதி மீண்டது. இரண்டு நேர்காணல்கள் மீளவில்லை. அவற்றில் ஒன்று திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த முதியவருடையது. நான் மீண்டும் சென்றபோது அவர் காலமாகியிருந்தார். அந்த இழப்புக்கு வைரஸைவிட, இரண்டாவது பிரதி எடுத்துவைக்காத என் அலட்சியமே காரணம் என்று இன்றும் கருதுகிறேன்.

பென்டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தானே இயக்கும் ஆட்டோரன் வசதியே அன்றைய பரவலின் முதன்மை வாயில். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கும் புதுப்பிப்பைத் தானாகச் சென்றடையும்படி செய்தது. அந்த வாயிலைப் பயன்படுத்திய வைரஸ்களின் தொற்று, அவ்வாண்டு மே மாதத்திற்குள், 2010ஆம் ஆண்டோடு ஒப்பிட எக்ஸ்.பி.யில் 59 விழுக்காடும் விஸ்டாவில் 74 விழுக்காடும் குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு சிறிய அமைப்பு மாற்றம், அதுவும் கட்டணமின்றி! இந்த எண்களைத்தான் என் வாதத்தின் நடுவில் வைக்க விரும்புகிறேன்.

*காவல் வீட்டுக்குள் வந்தபின்*

2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8 முதல், ஆன்டிவைரஸ் இயங்குதளத்தின் உறுப்பாயிற்று. தொடக்க ஆண்டுகளில் சோதனைக் கூடங்கள் அதற்குக் குறைந்த மதிப்பெண்ணே வழங்கின. பத்தாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற கூடங்களில் அது கட்டண மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண்களைப் பெறத் தொடங்கியது. அதன்பின் கட்டணத் தொகுப்புகள் வி.பி.என்., கடவுச்சொல் பெட்டகம், குழந்தைகளுக்கான கண்காணிப்பு என்று வேறு பண்டங்களைச் சேர்த்துக் கட்டி விற்கலாயின.

இதற்கிடையே, காவலரே சிக்கலாகும் நிகழ்வுகளும் வந்தன. இலவச ஆன்டிவைரஸுக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் தரவைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் அதற்கு 1.65 கோடி டாலர் விதித்தது. அதே 2024இல், ஈஸ்கேன் தன் புதுப்பிப்புகளைப் பாதுகாப்பற்ற இணைப்பில் அனுப்பிவந்ததைப் பயன்படுத்தித் தாக்குநர்கள் தம் நிரலைக் கணினிகளில் இறக்கிய செய்தி வெளியானது. அதைக் கண்டறிந்து அறிவித்தது அவாஸ்ட் என்பது வரலாற்றின் குறும்பு. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. ஆன்டிவைரஸ் கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குவது. ஆதலால் அதில் நேரும் பிழையும் அந்த அளவுக்குப் பெரியது.

பெருஞ்செலவு செய்தாலும் காப்பு உறுதியில்லை என்பதற்கு மும்பைக்கு எதிர்க்கரையிலேயே சான்று உண்டு. 2017 ஜூன் 27ஆம் நாள் உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாகப் பரவிய 'நாட்பெட்யா', மெர்ஸ்க் குழுமத்தை வீழ்த்தியது. ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்தின் பணி முடங்கி, சரக்குப் பெட்டகங்கள் தேங்கின. நாட்பெட்யா பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றுக்கு அவ்வாண்டு மார்ச் மாதமே ஒட்டு வெளியாகியிருந்தது.

*எதிர்வாதங்கள்*

கட்டண மென்பொருள் எவருக்கும் வேண்டாம் என்று சொல்வது எளிது, ஆனால் நேர்மையாகாது. விண்டோஸின் உள்ளமைந்த காவல், மேகக் கணினியோடு தொடர்பில் இருக்கும்போதே முழு ஆற்றலோடு இயங்குகிறது. இணைப்பு இல்லாத நிலையில் அதன் கண்டறியும் திறன் குறைவதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியுள்ளன. கைப்பேசியின் தரவைச் சிக்கனமாகப் பகிர்ந்து, பென்டிரைவ்களையே நம்பி வாழும் குடும்பத்துக்கு இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. பிறருடைய கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் சிறு கடைக்காரருக்கும், சிக்கல் வந்தால் தொலைபேசியில் தம் மொழியில் விளக்கம் கேட்க விரும்பும் முதியவருக்கும் சந்தா பயன் தரலாம். அங்கே விலை மென்பொருளுக்கு அன்று, உடனிருக்கும் மனிதருக்கு. பழைய பழுதுபார்ப்புக் கடையின் தருக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று: இன்று எளிய குடும்பங்களின் பணம் பெரும்பாலும் வைரஸால் போவதில்லை. காவல்துறை அதிகாரி போல வேடமிட்டு வரும் காணொளி அழைப்பு, வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் செயலிக் கோப்பு, கேட்டவுடன் சொல்லிவிடும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றால் போகிறது. மேசைக் கணினியில் ஏற்றிய எந்தச் சந்தாவும் அந்த அழைப்பை எடுக்காமல் தடுக்காது. 1930 என்ற உதவி எண்ணை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது அதைவிட மதிப்புடைய காப்பு.

*மாணவிக்குச் சொன்ன விடை*

அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம். உரிமம் பெற்ற விண்டோஸ் 10. பழைய வன்பொருள் என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14இல் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அவை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியின் அமைப்புகளை ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணமில்லை. உள்ளமைந்த ஆன்டிவைரஸுக்கான வைரஸ் அடையாளங்களோ 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும். இந்த இரு தேதிகளின் இடைவெளியில்தான் அடுத்த அச்ச வணிகம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஒட்டப்படாத இயங்குதளத்தின் மேல் எந்த ஆன்டிவைரஸை ஏற்றினாலும் அது 2008இல் மும்பை செய்த பிழையின் மறுபதிப்பே.

ஆகவே அவருக்கு நான் சொன்னது இவ்வளவே. நீட்டிப்புத் திட்டத்தில் இன்றே பதிவுசெய்துகொள்ளுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை அணைக்காதீர்கள். உள்ளமைந்த காவல் இயங்குகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அந்த 900 ரூபாயில் நல்ல பென்டிரைவ் ஒன்றை வாங்கி, ஆய்வேட்டின் பிரதியை வாரந்தோறும் அதில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். வீட்டில் இணைப்பு இல்லாத நாட்கள் மிகுதி என்றால் சந்தாவைப் பற்றி அடுத்த ஆண்டு பேசுவோம்.

அந்த வன்பொருளின் ஆயுள் இன்னும் ஓராண்டோ ஈராண்டோ. புதுப்பிப்பு நின்றபின் நன்றாக ஓடும் ஒரு கணினி, ஓட்டை அடைபடாத காரணத்தாலேயே குப்பையாகும். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நெகிழிப் பொருள்கள் உடைபட்டுத் தரம்பிரிக்கப்படும் சந்துகளை அவர் நாள்தோறும் கடக்கிறார். கட்டண ஆன்டிவைரஸ் வேண்டுமா என்று கேட்டுவந்தவர், விடைபெறும்போது கேட்டது வேறு கேள்வி: "அப்போ அடுத்த வருஷம் புது லேப்டாப் வாங்கச் சொல்வாங்களா சார்?" அதற்கு என்னிடம் வரலாற்று விடை இல்லை. கல்விக்கான கணினியின் பாதுகாப்பு ஆயுளை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியாக அதை இங்கே வைக்கிறேன். கொள்கை ஆய்வில் இருக்கும் நண்பர்கள் எடுத்துப் பேச வேண்டும்.